தறியைத் திட்டாதே கண்ணு

வாப்பா மெர்ச்சண்டைசர்! திருப்பூர்ல இருந்து பொழுதோட சாமளாபுரம் வந்து எறங்குனவன், வூட்டுக்கு வந்த ஒறம்பரையை ‘வாங்க’ன்னுகூடச் சொல்லாம போனையே மொறைச்சுட்டு உக்காந்திருக்கறியே, பொண்ணு கிண்ணு பாத்துட்டயா? ஓ, ஜெர்மனிக்காரனுக்கு மெயிலா? அப்பச் செரி.

தமிழ்ல எழுதி, போன்ல குடுத்து, இங்கிலீசா வாங்கித் தாட்டி விடறேன்னு வெக்கப்படறயாக்கும். அதுல என்ன வெக்கம்? ஜப்பான்ல கோபயாசி, ரின்னர்ட்னு ரெண்டு பேரு, காலேஜ் பசங்க 48 பேர்த்தை ஒருக்கா நேரா இங்கிலீசுல எழுதச் சொல்லி, ஒருக்கா சொந்தப் பாசையில எழுதி மாத்தச் சொல்லிப் பாத்தாங்க. 1992ல கட்டுரையா வந்துச்சு. மாத்தி எழுதுனதுல விசயம் செழிப்பா இருந்துச்சாம். ஆதாயமெல்லாம் அரைகுறைப் பசங்களுக்குத்தான். தேறுனவனுங்களுக்குப் பெருசா ஒண்ணுமில்லை. நீ எந்தப் பக்கம்னு நான் சொல்ல மாட்டேன். அப்புச்சிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கறயா? நானும் போனைத்தான் கேட்டேன்.

கூகுள்காரன் தன்ற டிரான்ஸ்லேட்டுல 2011லயே தமிழைச் சேத்துட்டான். ஆனா உன்ற தமிழைச் சேத்தலையே! காலையில என்ன எழுதுனே? ‘போன வாரமே சேம்பிள் அனுப்பியாச்சு, பாத்து ஓகே பண்ணுனா நிட்டிங் ஓட்டிரலாம்.’ அனுப்புனது யாரு? பாக்கறது யாரு? ஓட்டறது யாரு? நம்ம பேச்சுல ஆளைச் சொல்லாட்டியும் ஆளு இருப்பான். இங்கிலீசு அப்படி விடாது. ஆளு எங்கேன்னு கேக்கும். நீ சொல்லாட்டி மிசினே எவனையாச்சும் புடிச்சு நிறுத்திப்போடும். பாவம், ஜெர்மனிக்காரன் எங்க போய் நிட்டிங் ஓட்டுவான்?

பாவைக் கோணலா ஓட்டிப்போட்டுத் தறியைத் திட்டுனா துணி நேராயிருமா?

தமிழ்லயே வரிக்கு ஒரு சங்கதி வெய்யி. ஆளைச் சொல்லு, தேதியைச் சொல்லு, 160 ஜிஎஸ்எம்மா 180ஆன்னு சொல்லு. வந்த இங்கிலீசை மறுக்காத் தமிழுக்கு மாத்தி அம்மிச்சிகிட்டப் படிச்சுக் காட்டு. அவ சிரிச்சா, அனுப்பாதே. பையர் எழுதற மெயில்ல இருந்து தெனம் ஒரு வரியை நோட்டுல குறிச்சு வெச்சு, அதையே அவனுக்குத் திருப்பிக் குடு. தன் பேச்சைத் தானே கேக்கறதுன்னா பெரிய மனுசங்களுக்குக் கொள்ளை இஷ்டம். நோட்டு நெறைய நெறையப் போன் வேலை தானாக் கொறையும்.

அதுவரைக்கும் எதையும் இன்னொருக்காப் படிச்சுட்டே தாட்டி விடு. தப்பாப் போச்சுன்னா பையர் உன்னையத்தான் வைவான். போனை வைய மாட்டான்.