வெட்டுற வேலை

கேள்வி: படக் காட்சிகளை வெட்டி, பாட்டோடு ஒட்டி ரசிகர் வீடியோ செய்ய ஆசை. கையில் போன் மட்டும்தான். அப்பாவோ 'வெட்டி வேலை' என்று ஏசுகிறார். எப்படித் தொடங்கலாம்?
— ஒரு வாசகர், அளவெட்டி

பதில்: அப்பா சொன்னதில் பிழையில்லை, வெட்டுகிற வேலைதானே! விதி உமது ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது: அளவாய் வெட்டும். ஒரு பாட்டில் 30 செக்கன் போதும். அடி விழும் இடத்தில் காட்சி மாறவேணும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊரில் இருப்பவருக்குத் தாளம் நான் சொல்லித்தரவா?

போன் காணாதோ? 1975இல் அமெரிக்க ரசிகை கண்டி ஃபொங் 'ஸ்ரார் ட்ரெக்' சிலைடுகளைப் பாட்டுக்கேற்ப மாற்றி மாற்றிக் காட்டினார். வீடியோவே இல்லாமல்!

ஆனால் ஒன்று, இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் அளவெட்டிக்கும் உண்டு. துண்டுப் பாட்டானாலும் அனுமதியில்லாமல் ஏற்றினால் அப்பா ஏசுவதற்கு முன் யூடியூப் வெட்டிவிடக்கூடும்.