கேப்ஸ்யூலுக்கு நாக்கு இல்லை

? அமெரிக்காவிலிருந்து மகள் நெல்லிக்காய் எக்ஸ்ட்ராக்ட் மாத்திரை அனுப்பியிருக்கிறாள். இனி நெல்லிக்காய் வாங்க வேண்டாமா?
– வாசகி, ஃபோர்ஷோர் எஸ்டேட்

கோயம்பேட்டில் கிடைப்பதற்குக் கடல் தாண்டி ஒரு பார்சலா! காயை நீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்து, கரைந்து வந்ததை மட்டும் உலர்த்திய பொடிதான் எக்ஸ்ட்ராக்ட். நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போயே போச்சு. மகள் மனம் நோகாமல் டப்பாவை ஷெல்ஃபில் வையுங்கள். காயைக் கடித்துத் தின்னுங்கள்.

? ஜிம் நண்பர் ‘கார்சினியா’ கேப்ஸ்யூல் போடச் சொல்கிறார். தொப்பை கரையுமாமே?
– வாசகர், பட்டினப்பாக்கம்

பெயரைக் கேட்டு மிரளாதீர்கள், அது நம்ம குடம்புளி! மலையாளிகள் மீன் குழம்பில் போடுவார்களே, புகையில் காய்ந்து கன்னங்கரேல் என்று இருக்குமே, அதுதான். அதிலுள்ள ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் எலிகளிடம் பலித்ததைப் பார்த்துவிட்டு மனிதர்களிடம் வந்தார்கள். 1998-ல் அமெரிக்காவில் 135 பேருக்கு 12 வாரம் சோதனை. எல்லாருக்கும் ஒரே பத்தியச் சாப்பாடு. பாதிப் பேருக்கு கார்சினியா, மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை. கார்சினியா கோஷ்டி சராசரியாக 3.2 கிலோ குறைந்தது. டம்மி கோஷ்டி? 4.1 கிலோ! வித்தியாசம் பெரிதல்ல என்றுதான் ஆய்வாளர்கள் முடித்தார்கள். ஆனாலும் டம்மியிடம் தோற்ற சரக்கை டப்பாவில் விற்க ஒரு தைரியம் வேண்டும்.

தொப்பையைவிட எனக்குக் கவலை உங்கள் கல்லீரல். இந்த கேப்ஸ்யூல் சாப்பிட்டுக் கல்லீரல் பழுதாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. குழம்பில் ஒரு துண்டு கூடிப்போனாலே புளிப்பு தாங்காமல் தட்டை நகர்த்திவிடுவோம். கேப்ஸ்யூலுக்கு நாக்கு இல்லை. எத்தனை போட்டாலும் உள்ளே போகும். லூப் ரோடு மார்க்கெட்டில் நல்ல சங்கரா வாங்கி, குடம்புளியை அதில் போடுங்கள்.

? ஜூஸ் பரவாயில்லையா?
– வாசகி, சீனிவாசபுரம்

வடிகட்டினால் அதுவும் மாத்திரைக்குத் தம்பிதான். 1,87,000 அமெரிக்க மருத்துவத் துறையினரைப் பல வருடம் கவனித்து 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. முழுப் பழம் தின்றவர்களுக்குச் சர்க்கரை நோய் வாய்ப்பு குறைவு, ஜூஸ் குடித்தவர்களுக்கு அதிகம்.

? லேபிளில் எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், சாந்தோம்

‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரியை. சட்டப்படி போட்டே ஆக வேண்டும். அதனால்தான் பூதக்கண்ணாடி தேவைப்படும் சைஸில் போடுகிறார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து, பி12 மாத்திரைகள் வேறு கதை, அவற்றை நிறுத்தாதீர்கள். நீங்களாக வாங்கிப் போடும் எக்ஸ்ட்ராக்டையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சுகர், பி.பி. மாத்திரைகளோடு அது சண்டை போடலாம்.

? பழம் தின்னச் சொல்கிறீர்கள். ஆப்பிள் விற்கிற விலையில்..?
– வாசகர், பட்டினப்பாக்கம்

ஆப்பிளை யார் கேட்டது? பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். 100 கிராம் கொய்யாவில் 200-க்கு மேல் இருக்கிறது, ஆப்பிளில் பத்துகூடத் தேறாது. தள்ளுவண்டிக்காரர் மிளகாய்த்தூளும் உப்பும் தூவி நீட்டுவார். பி.பி. இருந்தால் உப்பை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள்.