பதினோரு கோயில், ஒரு புடவை

எல்லாம் ஒரு பொய்யில் ஆரம்பித்தது. சொன்னவன் நான்தான்.

எங்கள் பனமலைக்கு வெளியூர்க்காரர்கள் இரண்டு காரியத்துக்கு வருவார்கள். ஒன்று, ஏரி. இன்னொன்று, குன்றின்மேல் இருக்கிற தாளகிரீசுவரர் கோயிலில் உள்ள சுவரோவியம். ஏரிக்கு வருகிறவர்கள் வழி கேட்க மாட்டார்கள். அதை மறைத்துவைக்க முடியாது. ஓவியத்துக்கு வருகிறவர்கள் தோளில் கேமராப் பையோடு டீக்கடையில் இறங்கி, அங்கே யார் சும்மா உட்கார்ந்திருக்கிறாரோ அவரிடம் வழி கேட்பார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நான். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வேறு என்ன வேலை?

அப்படித்தான் போன தை மாதம் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் வந்தார். வழி சொன்னதோடு நிற்காமல் நானும் கூடவே படியேறினேன். ஓவியத்தின் முன்னால் அவர் வாயடைத்து நின்றார். தலைக்குமேல் குடை, ஒரு காலை மடித்துப் பின்சுவரில் ஊன்றி, தலையை ஒரு பக்கம் சாய்த்து நிற்கிற பார்வதி. பக்கத்துச் சுவரில் சிவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆயிரத்து முந்நூறு வருஷத்தில் ஆடுகிறவர் பெரும்பாலும் அழிந்துபோய்விட்டார். அவள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

“இதைக் கட்டின ராஜசிம்ம பல்லவன்தான் எங்க ஊர்க் கைலாசநாதர் கோயிலையும் கட்டினான். நீங்க பார்த்திருப்பீங்களே?” என்றார்.

“பாக்காம இருப்பேனா சார்?”

அத்தோடு விட்டிருக்கலாம். “பிராகாரத்தைச் சுத்தி ஐம்பத்தெட்டுச் சின்னச் சின்னக் கோயில், என்ன அழகு!” என்று அவர் தொடங்கியதும், “ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தேன் சார்” என்று சொல்லிவிட்டேன்.

அறுபத்திரண்டு வயதில், முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குப் பல்லவர் தலைநகரம் காஞ்சி என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவன், அந்தத் தலைநகரத்தில் காலே வைத்ததில்லை. இத்தனைக்கும் திண்டிவனம், வந்தவாசி வழியாகப் போனால் மூன்று மணி நேரம். சீனத்திலிருந்து யுவான் சுவாங் 640 வாக்கில் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார். பாலைவனம், பனிமலை எல்லாம் தாண்டி. அவருக்கு ஒரு வசதி இருந்தது: கிளம்புமுன் வீட்டில் கலந்து பேச வேண்டியிருக்கவில்லை.

நான் திட்டமே போடாதவன் என்று நினைக்க வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று நிறையத் திட்டம் இருக்கிறது. பெரியபுராணத்தில் பூசலார் என்று ஒரு நாயனார் வருவார். காசில்லாமல், மனசுக்குள்ளேயே கல் அடுக்கி, மண்டபம் எழுப்பி, குளம் வெட்டிக் கோயில் கட்டினவர். நான் அந்த முறையில் காஞ்சிக்கு ஒன்பது தடவை போய்வந்திருக்கிறேன். அந்தக் கதையில் இன்னொரு விஷயமும் உண்டு. அதே சமயம் காஞ்சியில் பெரிய கற்றளி கட்டி நாள் குறித்துவைத்திருந்த காடவர்கோன் கனவில் சிவன் வந்து, “நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகணும், நீ வேறு நாள் பார்” என்று சொல்லிவிட்டாராம். அந்தக் காடவர்கோன் நம்முடைய ராஜசிம்மன்தான் என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. ஆகக் கைலாசநாதர் கோயிலுக்குத் தேதி குறிப்பதும் அதைத் தள்ளிப்போடுவதும் கட்டின நாளிலிருந்தே இருக்கிற வழக்கம். எங்கள் வீட்டார்மேல் தனியாகக் குறை சொல்வதற்கில்லை.

2019இல் கிட்டத்தட்டக் கிளம்பியே விட்டோம். அத்திவரதர் குளத்திலிருந்து வெளியே வந்திருந்தார், நாற்பத்தெட்டு நாள் தரிசனம். “கூட்டத்துல ஆயா மாட்டிக்கும்பா” என்றான் மகன். “அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்றார் மச்சான். அடுத்த தடவை என்பது 2059. எங்கள் வீட்டு வேகத்துக்கு அது நியாயமான இடைவெளியாகத்தான் எல்லோருக்கும் பட்டது.

ஆனால் இந்தத் தடவை பொய் சொல்லியிருக்கிறேன். கணக்கு நேராகியே ஆக வேண்டும். மாசி பிறந்ததும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கூட்டினேன். நோட்டைப் பிரித்துப் பட்டியலை வாசித்தேன். கைலாசநாதர், ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வைகுண்டப் பெருமாள், வரதராஜர், உலகளந்த பெருமாள், கச்சபேசுவரர், குமரகோட்டம், சித்திரகுப்தர், அட்டபுயக்கரத்தார், சொன்னவண்ணம் செய்த பெருமாள். மொத்தம் பதினொன்று. ராஜசிம்மனுக்குக் கைலாசநாதர் கோயிலில் இருநூறுக்கும் மேல் பட்டப்பெயர் வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று அத்யந்தகாமன். ஆசைக்கு எல்லை இல்லாதவன் என்று பொருள். ஒரு நாளில் காஞ்சி பார்க்கப் பட்டியல் போடுகிற எவனுக்கும் அந்தப் பட்டத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

“பதினொண்ணுதானா?” என்றாள் மனைவி.

“ஏன், இன்னும் வேணுமா?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷம் ஆகியும் இந்தச் ‘சும்மா’வை நான் புரிந்துகொள்ளவில்லை.

மச்சான் வேறு மூலையிலிருந்து வந்தார். “ஏன் மாமா, பக்கத்துல செஞ்சி கீது. அதுவும் தலைநகரந்தான். நாயக்கன் ஆண்டான், மராட்டியன் ஆண்டான். உலகப் பாரம்பரியச் சின்னம்னு போன வருஷம் பேப்பர்லயே போட்டான். காலைல பூட்டு மத்தியானச் சோத்துக்கு வந்துடலாம்.” அவர் சொன்னதில் தப்பே இல்லை. 2025இல்தான் மராட்டியர் கோட்டைகளோடு செஞ்சியையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். ராஜாராம் முற்றுகையில் வருஷக்கணக்கில் தாக்குப்பிடித்த கோட்டை. ஆனால் ராஜகிரி ஏற வேண்டும் என்று மகன் சொன்னதும் மச்சான் தம் கோரிக்கையைத் தாமே வாபஸ் வாங்கிக்கொண்டார். அவர் எடை நூற்றுச் சொச்சம்.

அடுத்து நாள். இதில் தலைமை எங்கள் அம்மாவுக்கு. ஞாயிறு கூட்டம். சனி வேண்டாம், சனி. வெள்ளி விளக்கு வைக்க வீட்டில் ஆள் வேண்டும். வியாழன் மச்சானுக்கு முடியாது. செவ்வாய்?

“செவ்வா பொதன் வடக்க சூலம்டா. காஞ்சிபுரம் எந்தப் பக்கம் கீது? வடக்கதான? தெரிஞ்சே போயி சூலத்துல ஏறச் சொல்றியா?”

“பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுன்னு சொல்வியேம்மா.”

“அது நல்ல காரியத்துக்குடா. ஊர் சுத்தறதுக்கு இல்ல.”

மிஞ்சினது திங்கள். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. அதனால் ஐந்தரைக்குக் கிளம்புவது என்று தீர்மானம். எட்டரைக்குக் காஞ்சி. பன்னிரண்டுக்கு நடை சாத்துவதற்குள் ஆறு கோயில், சாப்பாடு, நாலு மணிக்கு நடை திறந்ததும் மீதி ஐந்து. கோயிலுக்கு முப்பத்தைந்து நிமிஷம். நோட்டில் கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதினேன். படை நடத்துகிறவன்கூட இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்க மாட்டான்.

படை நடத்தினவர்கள் இப்படித் திட்டம் எழுதிவைத்தார்களா என்பது வேறு விஷயம். சாளுக்கியரில் காஞ்சிக்குப் புறப்பட்டு வந்தவர்கள் உண்டு. இரண்டாம் புலிகேசி வாதாபியிலிருந்து அத்தனை தூரம் வந்து, புள்ளலூரில் மகேந்திரவர்மனோடு சண்டைபோட்டு, ஊரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். நூறு வருஷம் கழித்து அதே வம்சத்தில் இரண்டாம் விக்கிரமாதித்தன் வந்தான். அவன் ஊருக்குள்ளேயே நுழைந்துவிட்டான். நுழைந்தவன் இடிக்கவில்லை, கொளுத்தவில்லை. கைலாசநாதர் கோயிலைப் போய்ப் பார்த்தான். அதன் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைத் தூணில் கன்னடத்தில் வெட்டிவைத்துவிட்டுப் போனான். எதிரி நாட்டுத் தலைநகரத்துக்குக் குறுகிய காலப் பயணம் வந்து, பார்க்க வேண்டியதைச் சரியாகப் பார்த்துவிட்டுப் போன மனுஷன். நோட்டின் முதல் பக்கத்தில் அவன் பெயரைப் பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுதிவைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை விடிந்தது. ஐந்தரைக்கு வேன் வந்துவிட்டது. நானும் டிரைவரும் தயார். மற்றவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். புளிசோறு ஆறவில்லை. மகனுக்குச் சார்ஜர் கிடைக்கவில்லை. மச்சான் அன்னியூரிலிருந்து வருவதாகப் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

என் பட்டியலில் பதினோராவதாக இருந்த சொன்னவண்ணம் செய்த பெருமாளுக்கு ஒரு கதை உண்டு. தம்மைப் பாடிய ஆழ்வாரும் அவர் சீடரும் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள் என்றதும், ஆழ்வார் சொன்ன மறுகணமே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பிவிட்டாராம். அதற்காகவே அந்தப் பெயர். ஆயிரம் தலை ஆதிசேஷனைச் சுருட்டவே அவருக்கு ஒரு நொடிதான். எங்கள் வீட்டில் ஒரு ஜமுக்காளத்தைச் சுருட்ட முக்கால் மணி நேரம்.

எல்லோரும் ஏறி உட்கார்ந்தபோது மணி ஏழு இருபத்தெட்டு. டிரைவர் சாவியைத் திருப்பினார். அம்மா கதவைத் திறந்து இறங்கினாள்.

“ரெண்டு நிமிசத்துல ராவு காலம். ஒம்போது மணிக்குப் போவலாம்.”

“ரெண்டு நிமிஷம் இருக்கேம்மா!”

“வண்டி ஊரு எல்லைய தாண்ட வேணாமா?”

ஒன்பது ஐந்துக்குக் கிளம்பினோம். வந்தவாசிக்குள் நுழையும்போது பின்சக்கரம் பஞ்சர். 1760 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர்களின் இந்தியக் கனவு முடிந்தது வந்தவாசியில்தான். லாலியை அயர் கூட் தோற்கடித்தான். என் கட்டம் போட்ட திட்டமும் அதே ஊரில், பஞ்சர் கடை வாசலில் உயிரை விட்டது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா இரண்டு கோரைப்பாய் விலை பேசி வாங்கிவிட்டாள். “பாயிக்குப் பேர் போன ஊருடா இது, தெரியாதா?” என்றாள். லாலியைப் பற்றி அவளுக்குத் தெரியாது. எனக்குப் பாய் விலை தெரியாது.

காஞ்சிக்குள் நுழைந்தபோது மணி ஒன்று பத்து. ஏகாம்பரநாதர் கோபுரம் தூரத்திலிருந்தே தெரிந்தது, கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பியது. நடை சாத்தியிருந்தது. காமாட்சியம்மன் கோயில், சாத்தியிருந்தது. ஊரிலிருக்கிற சாமி மொத்தமும் படுத்துத் தூங்குகிற நேரம் பார்த்து வந்து நிற்கிறோம். வேனிலேயே புளிசோறு தின்றோம்.

“நாலு மணி வரைக்கும் இன்னா பண்றது?” என்றாள் மனைவி. அதே ‘சும்மா’வின் குரல். கையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. கடைப் பெயர், தெருப் பெயர், நிறம், கரை அளவு எல்லாம் எழுதி, நாலாக மடித்து, எத்தனை நாளாகவோ பர்சில் இருந்த சீட்டு. நாற்பது பக்க நோட்டு தோற்ற இடத்தில் நாலு வரிச் சீட்டு ஜெயித்தது.

கடையில் ஏசி. புடவைகள் மலைமலையாகச் சரிந்தன. விற்பனையாளர் கோர்வையைப் பற்றி விளக்கினார். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா ஓட்டி, இரண்டு நிறத்தையும் பின்னிக் கோக்கிற வேலை. இழுத்துக் காட்டினார். நான் கேட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரை. நாலு. அரக்கில் பச்சைக் கரையா, மயில்கழுத்தில் அரக்குக் கரையா என்பதில் அம்மாவுக்கும் மனைவிக்கும் கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக ஒரே கருத்து ஏற்பட்டது. அந்த அபூர்வத்தைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. நாலே முக்காலுக்குக் காசு கட்டினேன். எவ்வளவு என்று இங்கே எழுதப்போவதில்லை.

கைலாசநாதர் கோயிலை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. புல்தரையில் நந்தி தனியாக உட்கார்ந்திருக்கிறார். உள்ளே நுழைந்தால் மணற்கல்லில் பாயும் சிங்கங்கள், சுற்றிலும் சிற்றாலயங்கள். நிஜமாகவே எண்ண ஆரம்பித்தேன். பதினேழு வரை வந்தபோது மச்சான் கூப்பிட்டார்.

கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான பாதை. உள்ளே போகும் வழியிலும் வெளியே வரும் வழியிலும் தவழ்ந்துதான் போக முடியும். சுற்றி வந்தால் மறுபிறவி கிடையாது என்று நம்பிக்கை. மச்சான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். போனது சுலபம். வெளியே வரும் துவாரத்தில் தலையும் தோளும் வந்தன, மீதி வரவில்லை. முகம் வேர்த்துக் கொட்டியது.

“மாமா,” என்றார் ஈனக்குரலில், “மறுபொறப்பே பரவால்ல மாமா. இஸ்துவுடுங்க.”

நானும் மகனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். அம்மா இதை எதையும் பார்க்கவில்லை. சந்நிதி முன்னால் நின்று உள்ளே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு பட்டை லிங்கம், பின்சுவரில் அம்மையும் அப்பனும் நடுவில் குழந்தை கந்தனும்.

“டேய், பட்டைபட்டையா இது நம்மூரு சாமிடா. பின்னால அதே பொம்ம. இதைப் பாக்கவா ராவு காலம் பாத்துக் கெளம்புனோம்?”

முப்பத்தைந்து வருஷம் சரித்திரம் நடத்தினவன் நான். ஒரே பார்வையில் ராஜசிம்மன் பாணியைக் கண்டுபிடித்தவள் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத அம்மா.

ஒரு கோயிலோடு ஊர் திரும்பினோம். பட்டியலில் பத்து பாக்கி, எண்ணிக்கையில் நாற்பத்தொன்று பாக்கி. இதற்கு இன்னொரு நாள் குறிப்பதற்குள் 2059 வந்துவிடும் என்று நோட்டைப் பரணில் போட்டேன்.

மறுநாள் காலை வாசலில் புடவையைப் பிரித்துப் பார்த்த மனைவி, “கடை வெளிச்சத்துல பாத்த கலரு இல்லீங்க இது” என்றாள். அம்மாவும் வந்து பார்த்தாள். இல்லைதான் என்றாள். கடைக்குப் போன் போட்டார்கள். ரசீதோடு வந்தால் மாற்றித் தருவார்களாம்.

கூட்டம் கூட்டவில்லை. பட்டியல் இல்லை. மறுநாள், புதன்கிழமை காலை, ஐந்தேகாலுக்கு வாசலில் வேன் ஹாரன். எழுந்து வந்து பார்த்தால் புளிசோறு தூக்கில் ஏறியிருந்தது, மச்சான் குளித்து விபூதியோடு முன்சீட்டில் இருந்தார், மகன் கையில் சார்ஜர்.

“அம்மா, இன்னிக்கி வடக்கே சூலமாச்சே!”

“பாலு குடிச்சிட்டேன்டா, பரிகாரம் ஆயிடிச்சி. நீயும் ஒரு முழுங்கு குடிச்சிட்டு ஏறு. எல்லாரும் ஒனக்காவத்தான் குந்தினுகிறோம்.”

நான் பரணில் நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.