ஈ வளர்க்காதவர்களுக்கும் ஓர் இடம்

1990-களின் தொடக்கத்தில் மதுரையில் எம்.எஸ்ஸி. படித்த எங்களுக்கு ஆய்வுலகம் அறிமுகமானது 'கரன்ட் கன்டென்ட்ஸ்' என்ற குட்டி வார இதழ் வழியாகத்தான். ஆய்விதழ்களின் பொருளடக்கமும் ஆசிரியர்களின் முகவரியும் அதில் இருக்கும். தலைப்பு பிடித்துப்போனால் கட்டுரைப் பிரதி கேட்டு அட்டை போடுவோம். முன்பின் தெரியாத பேராசிரியர்கள் தங்கள் செலவில் கடல் தாண்டி அனுப்பிவைத்தார்கள். அந்தப் பெருந்தன்மையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

படித்ததில் என்னைப் பிடித்துக்கொண்டது பழ ஈ. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் வெரோனிகா ரோட்ரிக்ஸும் ஒபைத் சித்திக்கியும், சுவையையும் மணத்தையும் சரியாக உணராத ஈக்களைப் பற்றி 1978-ல் வெளியிட்ட ஆய்வு அது. பிஎச்.டி. நேர்காணலிலும் அதே திசையில் கேள்வி வந்தது: இனிப்பு தெரியாத ஈயை எப்படிக் கண்டுபிடிப்பாய்? கரும்பலகையில் வரைந்தேன். ஈக்களைப் பட்டினி போட்டு, சிவப்புச் சாயம் கலந்த சர்க்கரையை வைக்க வேண்டும். குடித்த ஈயின் வயிறு சிவக்கும். சிவக்காத ஈ? அதற்கு இனிப்பு தெரியாமலும் இருக்கலாம், நடக்கத் தெம்பில்லாமலும் இருக்கலாம். இரண்டையும் எப்படிப் பிரிப்பாய் என்று விடாமல் கேட்டார்கள். அதுவரை நான் ஓர் ஈயைக்கூட வளர்த்ததில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது பிஎச்.டி. விண்ணப்பங்கள் என்னிடம் வருகின்றன. 2013-ல் பயோஆர்க்கைவ் என்ற இணையதளம் தொடங்கியதிலிருந்து, இதழில் வருவதற்கு முன்பே கட்டுரைகளை மாணவர்கள் படித்துவிட முடிகிறது. ஆய்வு மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2010-ல் மாதம் 16,000 ரூபாய். 2023 முதல் 37,000. எல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் விண்ணப்பத்தைக் கையில் எடுப்பவர்கள் முதலில் தேடுவது முன்அனுபவத்தை. ஆறு மாதம் இந்த ஆய்வகம், ஒரு வருடம் அந்த ஆய்வகம், பல இடங்களில் சம்பளமில்லாமல். பெங்களூரில் வாடகை கொடுத்து அப்படி இருக்க யாரால் முடியும்? ஊர்க் கல்லூரியில் படித்து, நெட் தேர்வும் எழுதித் தேறிய ஒரு நெசவாளியின் மகளால் முடியாது. அறிவியல் அகாடமிகளின் கோடைகால உதவித்தொகை உண்டு. அது தேர்வாகிறவர்களுக்கு, இரண்டு மாதத்துக்கு.

பிபெட் பிடிக்க ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம். வயிறு சிவக்காத ஈயைப் பார்த்ததும் இன்னொரு சந்தேகம் எழும் மனதை அப்படிப் பழக்க முடியாது. அதனால் நேர்காணல் முடியும்வரை முன்அனுபவப் பகுதியை நான் படிப்பதில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு மாதாமாதம் ஆய்வக நிதியிலிருந்து பணம் கொடுக்கிறேன். நிதி இல்லாதபோது யாரையும் சேர்ப்பதில்லை. தேர்வுக் குழுவில் உடன் இருப்பவர்களிடமும் இதையே கேட்டுவருகிறேன். சிலர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.