எடிட்டர் தம்பி

கேரளத்தின் ஏலப்பாறையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. எஞ்சினியரிங் முடித்தவர், வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதுகிறவர் என்று ஊர் நம்புகிறது. எழுதுகிறாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். எதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. குட்டிக்கானத்திலும் வாகமணிலும் விசாரித்தால் அங்கேயும் இப்படி ஒருவர் அகப்படுவார். அதனால் பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

ஏலக்காய்க் கடை அண்ணாச்சி அவரிடம் கேட்டது சின்ன வேலை. எந்தத் தோட்டத்துக்காரர் எத்தனை கிலோ பச்சைக்காய் போட்டார், ஸ்டோரில் உலர்ந்து எவ்வளவு தேறியது (அஞ்சு கிலோ போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ), புற்றடி ஏலத்தில் என்ன விலை போனது, முன்பணம் கழித்து யாருக்கு எவ்வளவு பாக்கி. பைத்தானில் முப்பது நாற்பது வரிக்கு மேல் போகாது.

"ரெண்டே நாள் அண்ணாச்சி" என்றார் தம்பி. அது போன சீசன்.

முதலில் அவர் விம் என்ற எடிட்டரின் பக்தராக இருந்தார். 1976-இல் பில் ஜாய் எழுதிய வி, அதன் வழிவந்து 1991-இல் பிராம் மோலனார் வெளியிட்ட விம். இம்மியளவு இடம், கண்மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும், மவுஸைத் தொடவே வேண்டாம். வெளியே வருவதுதான் கஷ்டம். விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் யாரோ கேட்ட ஒரு கேள்வியை 2017-க்குள்ளேயே பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். தம்பிக்கு அந்தச் சிக்கலும் இல்லை. லேப்டாப்பில் பேட்டரி செத்து வெகுநாளாயிற்று. ஆடி மழைக்குக் கரண்ட் போகும். அவரும் வெளியே வந்துவிடுவார்.

எளிமை என்று கும்பிட்டதை அப்படியே விட்டுவைத்தாரா? பக்கவாட்டில் கோப்புப் பட்டியல் வேண்டும் என்று ஒரு பிளகின். பாதி தட்டினால் மீதியைத் தானே முடிக்க இன்னொன்று. வண்ணத்துக்கு மூன்று. அண்ணாச்சியின் கணக்கு ஒரு வரிகூட நகரவில்லை. விம்மை ஜோடிக்கும் கோப்பு மட்டும் நானூறு வரியைத் தாண்டியது.

பிறகு ஒருநாள் கட்சி மாறினார். "இதெல்லாம் பொழுதுபோக்கு. சீரியஸா வேலை பாக்கணும்னா ஐடிஇ வேணும்" என்று பைசார்மை இறக்கினார். எழுத, ஓட்ட, பிழை பிடிக்க எல்லாம் ஒரே கூரைக்குள். லேப்டாப்பிலோ 4 ஜிபி ராம். திறந்தால் இண்டெக்ஸிங் என்று ஒரு கோடு நகரத் தொடங்கும். தம்பி இறங்கிப்போய் முக்குக் கடையில் டீ குடித்து, அரசியல் பேசி, திரும்பி வந்தாலும் கோடு நகர்ந்துகொண்டுதான் இருக்கும். அப்புறம் என்ன, வேகம் வரட்டும் என்று உள்ளே இருந்த வசதிகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார். எல்லாம் அணைத்தபின் மிஞ்சியது கிட்டத்தட்ட நோட்பேட். ஆனால் திறக்க நாலு நிமிஷம்.

நடுவில் ஆட்டம் என்ற எடிட்டர்மீது காதல். 2022 டிசம்பர் 15-இல் கிட்ஹப் அதற்கு மூடுவிழா நடத்தியபோது தம்பி அன்று இரவு சாப்பிடவில்லை. அதில் ஒரு புரோகிராமும் முடித்ததில்லை என்பது வேறு விஷயம். அடுத்து விஎஸ் கோட். பெயருக்கு எடிட்டர், எக்ஸ்டென்ஷன்களை ஏற்றினால் ஐடிஇ. இரண்டும் தானே என்று நிம்மதி அடைவார் என நினைத்தேன். எந்த எக்ஸ்டென்ஷன் என்பதில் மாட்டிக்கொண்டார்.

இத்தனைக்கும் பிளஸ் ஒன்னில் சி++ படித்தபோது கேரளப் பாடப்புத்தகமே அவருக்கு ஜீனியைக் கையில் கொடுத்திருந்தது. 2005-இல் வந்தது, ஐடிஇதான், ஆனால் இறகு கனம். எஃப் 9 தட்டினால் பில்ட், எஃப் 5 தட்டினால் ஓடும். என்னைக் கேட்டால் அந்த 4 ஜிபி லேப்டாப்புக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது. சொல்லிப் பார்த்தேன்.

"அது ஸ்கூல் பிள்ளைக வச்சிருக்கிறது சார்."

அவருடைய அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். கையால் கிள்ளியும் இருக்கிறார், கத்திரி பிடித்தும் இருக்கிறார். ஒரு சாயங்காலம் இடுப்பில் கட்டியிருந்த படங்கை உதறி மடித்துக்கொண்டே கேட்டார்: "ஏன்டா, கையில கிள்ளினியா கத்திரியில வெட்டினியான்னா தராசுக்காரன் கேக்கான்? எத்தனை கிலோன்னுதான கேக்கான்?"

"ஒனக்குப் புரியாதும்மா. இது வொர்க்ஃப்ளோ."

கடைசியில் அண்ணாச்சியின் கணக்குப்பிள்ளை, மதியச் சாப்பாட்டுக்கும் மூணு மணி டீக்கும் நடுவே, முழுக் கணக்கையும் எக்செல்லில் போட்டு முடித்துவிட்டார். தோட்டத்துக்காரர் பெயரைத் தட்டினால் பாக்கி வந்து நிற்கிறது. விஷயம் கேள்விப்பட்டுத் தம்பி கடைக்கே போனார். திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுல டார்க் மோடு இல்லையா அண்ணாச்சி? கண்ணு போயிரும்."