துண்டுக்குள்ள விரல் பிடிக்காதே, மருமவனே

வா மருமவனே, இப்பிடித் திண்ணையில உக்காரு. நேத்து ராத்திரி உன் போஸ்டரைப் பாத்தேன். எனக்கு எங்க ஃபோன் பாக்கத் தெரியும்? பேத்திதான் காட்டுனா. "கோவில்பட்டியின் பாரம்பரியச் சுவை"ன்னு தங்கக் கலர்ல எழுதி, நாலு மூலையிலயும் நட்சத்திரத்தை மின்னவிட்டு, நடுவுல கடலை மிட்டாய் படம் போட்டிருந்த. பெருமையா இருந்துச்சு. கண்ணாடியைத் தொடைச்சிப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை பாத்தேன். அது லோனாவாலா சிக்கி! பம்பாய்க்கும் புனாவுக்கும் நடுவுல மலைமேல விக்கிற சரக்கு. நம்ம மிட்டாய்னா மேல ரோஸும் பச்சையும் மஞ்சளுமா தேங்காப்பூ தூவியிருக்குமே, அதைக் காணோம். கல்யாணப் பத்திரிகையில அடுத்தவன் மவ போட்டோவை அடிச்ச மாதிரில்லா இருக்கு! எங்க அக்கா உன்னை எட்டாப்பு வரைக்கும் பள்ளிக்கூட வாசல்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்தது இதுக்குத்தானா?

கோவப்படாத. காப்பி வருது.

இன்டர்நெட்டுல எடுத்த படம்னு சொல்லுத. ஏல, உன் வீட்டுல தட்டு தட்டா மிட்டாய் கிடக்கு. காலையில ஏழு மணி வெயிலு வாசல்ல விழும்போது ஒரு தட்டைத் தூக்கி வச்சி எடுத்தா ஆச்சு. அதுக்கு முன்னாடி அந்த ஃபோன் கண்ணை வேட்டி நுனியால ஒரு தொடை தொடைச்சிக்கோ. ஒரு எருமைக்குத் தேவையான எண்ணெய் அதுல அப்பியிருக்கு. உன் வீட்டுக்காரி பாகு பதம் பாக்கிறதை ஒரு அரை நிமிசம் வீடியோ எடு. தண்ணியில ஒரு சொட்டு விட்டு, விரலால உருட்டி, கல்லு மாதிரி நின்னதும் "ம்"ங்கிறா பாரு, அந்த "ம்" போதும். லட்ச ரூபா விளம்பரக்காரனுக்கு அது வராது.

சரி, படம் போனாப் போகுது. அதுக்கு அடியில எழுதியிருக்கியே, "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்"னு, அதைப் பாத்துட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. சிரிப்பு.

எட்டயபுரம் ஆட்டுச்சந்தையில நாப்பது வருசம் தரகு பாத்தவன் நான். சனிக்கிழமை விடியுமுன்ன போயிருவேன். அங்க விலை எப்படிப் பேசுவோம்? தோள்ல கிடக்கிற துண்டை எடுத்து ரெண்டு பேர் கைக்கும் மேல போட்டு, உள்ள விரலைப் பிடிப்போம். எந்த விரல், எத்தனை விரல்னு பிடிச்சவனுக்கும் தெரியும், பிடிபட்டவனுக்கும் தெரியும். பக்கத்துல வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறவனுக்குத் தெரியாது. உன் இன்பாக்ஸ் அந்தத் துண்டுதான். ஆட்டுக்கு அது சரி மருமவனே. ஒரு கிடா மாதிரி இன்னொரு கிடா கிடையாது. பல்லைப் பாக்கணும், முதுகெலும்பைத் தடவணும், அது நடக்கிற நடையைப் பாக்கணும். கடலை மிட்டாய்க்கு என்ன, பல்லா இருக்கு பிடிச்சிப் பாக்க? பல்லு, வாங்குறவனுக்குல்லா வேணும்! கால் கிலோ இன்ன விலை, அரைக் கிலோ இன்ன விலை, தபால் செலவு தனின்னு தெருவுல தெரியப் போடு. விலையை மறைச்சா, கூடுதலாத்தான் இருக்கும்னு ஆளு அடுத்த கடைக்குப் போயிருவான். நானும் போயிருவேன்.

வாட்ஸ்அப்லயே கடைக்காரனுக்குன்னு தனியா ஒண்ணு இருக்காம்லா, வாட்ஸ்அப் பிசினஸ்னு. 2018லயே வந்தாச்சு, ஓசி. அதுல ஒரு கேட்டலாக் இருக்கு. படம், எடை, விலை எல்லாத்தையும் ஒரு தடவை அடுக்கி வச்சிட்டா, நடுராத்திரி முழிச்சிக் கிடக்கிறவன்கூடப் பாத்துக்கிடுவான். பேத்திதான் சொன்னா. ஏழாப்பு படிக்கா.

அவ இன்னொண்ணும் காட்டுனா. சென்னையில இருந்து ஒரு அம்மா செவ்வாக்கிழமை கேட்டிருக்காக: "ரெண்டு கிலோ வேணும், வேளச்சேரிக்கு அனுப்புவீங்களா?" நீ வெள்ளிக்கிழமை பதில் போட்டிருக்க. என்ன பதில்? "ஹாய்." மூணு நாளு உக்காந்து யோசிச்சி ஒரு ஹாய்! அதுக்குள்ள அந்த அம்மா வேற எவன்கிட்டயோ வாங்கித் தின்னு, டப்பாவைக் கழுவி, அதுல உளுந்து போட்டு வச்சிருப்பாக. பாகு கொதிக்கும்போது கையை எடுக்க முடியாதுதான், நான் இல்லேங்கலை. அதுக்குத்தான் அந்த பிசினஸ் ஆப்புல தானாப் பதில் போற வசதி வச்சிருக்கான். "இப்ப பாகு கிண்டிக்கிட்டு இருக்கோம், சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுதோம்"னு எழுதி வையி. ஆறு மணிக்குக் கூப்பிடவும் செய்யி. அதை மிசின் செய்யாது.

குரூப்பு விசயம் பேசவே கூச்சமா இருக்கு. நம்ம பெரியப்பா தவறிப்போன சேதி சொந்தக்காரங்க குரூப்புல வந்துச்சுல்லா, அதுக்கு நேர் கீழ "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்"! கேதத்துக்கு வந்தவுகளுக்கு எதை ரெண்டு வாங்கணும்னு விளங்கலை. அம்புட்டுப் பேரையும் குரூப்புல இழுத்துப் போடாத. பிராட்காஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, ஒரு பட்டியல்ல 256 பேரு. தனித்தனியாத்தான் போகும், ஒருத்தருக்கு அனுப்புனது மத்தவனுக்குத் தெரியாது. ஆனா ஒரு சூட்சுமம். உன் நம்பரை ஃபோன்ல சேமிச்சி வச்சிருக்கவனுக்குத்தான் அது போய்ச் சேரும். அப்ப என்ன செய்யணும்? பொட்டலம் கொடுக்கும்போதே, "நம்பரைப் போட்டு வச்சிக்கோங்க, பொங்கலுக்குச் சேதி அனுப்பட்டுமா"ன்னு வாய்விட்டுக் கேக்கணும். கேட்டா எவனும் கையைக் கடிக்கப்போறதில்லை.

கூகுள் மேப்புல உன் கடையைத் தேடுனோம். கம்மாய்க்குள்ள இருக்கு. தண்ணி இருக்கிற வருசமா இருந்தா வாங்க வாரவன் பரிசல்லதான் வரணும். அதைச் சரியான இடத்துல நட்டு, திறக்கிற நேரம், அடைக்கிற நேரம், வாசல் படம், ஃபோன் நம்பர் எல்லாம் போடு. அதுக்கும் காசு கிடையாது. ரயில் கோவில்பட்டியில நிக்கிற நேரத்துல இறங்கி வாங்கிட்டுப் போற ஊரு இது. காருல மதுரைக்குப் போறவன் ஃபோனைத்தான் தடவிப் பாத்துக்கிட்டுப் போறான். அப்புறம் அந்த அஞ்சு நட்சத்திர விமரிசனம் மூணு. மூணு பேர்ல எழுதினாலும் மூணுலயும் "அறுமை"ன்னு வல்லின ற போட்டிருக்கு. உன் மச்சினன்தானே? கூகுள்காரன் இந்தக் கள்ளக் கையெழுத்தைக் கண்டா தூக்கிருவான். அவன் விட்டாலும் தமிழ் வாத்தியார் விடமாட்டாரு. ஒரு ஆளு "தூளா வந்துச்சு"ன்னு ஒத்த நட்சத்திரம் கொடுத்திருக்கான் பாரு, அவன்தான் உனக்கு வேண்டியவன். "மன்னிச்சிருங்க, இனிமே கெட்டி அட்டைப் பெட்டியில அனுப்புதோம், இந்தத் தடவை வேற அனுப்புதேன்"னு அவனுக்குக் கீழயே எழுது. படிக்கிற நூறு பேரு அந்தப் பதிலைத்தான் பாப்பான். ஐப்பசி மழையில வெல்லம் ஈரத்தை இழுத்து நமுத்துப்போகும்னு உனக்குத் தெரியாதா? காத்துப் புகாத கவர்ல போட்டு அனுப்பு.

விளம்பரத்துக்குக் காசு வேற கட்டியிருக்க. எங்க தெரியணும்னு கேட்டதுக்கு, கோவில்பட்டியைச் சுத்தி இருவது கிலோமீட்டர்னு குத்தியிருக்க! கொல்லன் தெருவுல ஊசி வித்த கதை கேட்டிருக்கேன், இப்பத்தான் ஆளைப் பாக்கேன். இந்த இருவது கிலோமீட்டர்ல மிட்டாய் போடுறவன் பாதி, அவனுக்கு மச்சினன் மீதி. நம்ம ஊரை விட்டுப்போயி வாய் ஊறிக்கிட்டுக் கிடக்கிறவன் சென்னையில இருக்கான், பெங்களூர்ல இருக்கான், கோயமுத்தூர்ல மில்லுல இருக்கான். அங்க நூறு ரூபாயைப் போட்டுப் பாரு, ஒரு வாரம். வந்தா இன்னொரு நூறு. பத்தாயிரம் ஃபாலோயர் வாங்கித் தாரேன்னு ஒரு பையன் பைக்குல வந்தானாமே? சந்தையில கூட்டத்தைக் காட்டுறதுக்கு வாடகைக்கு ஆளு நிறுத்துன தரகனை நான் பாத்திருக்கேன். வாடகைக்கு வந்தவன் ஒருத்தன்கூட ஆடு வாங்கலை. டீ குடிச்சிட்டுப் போனான்.

நெட்வொர்க்கிங்குன்னு ஏதோ சொன்னியே, ஓட்டல்ல கோட்டு போட்டுக்கிட்டுக் கார்டு மாத்திக்கிடுறதுன்னு. போ, வேண்டாங்கலை, சாப்பாடு நல்லாருக்கும். ஆனா நம்ம தெருவுல இருக்கிற தவசுப்பிள்ளையை நீ எப்பவாது பாத்துப் பேசியிருக்கியா? முகூர்த்த மாசத்துல அவரு வாரத்துக்கு மூணு கல்யாணத்துக்குச் சமைக்காரு. தாம்பூலப் பையில தேங்காய்க்குப் பக்கத்துல உன் மிட்டாய்ப் பொட்டலம் ஒண்ணு, மேல உன் நம்பரு. ஒரு கல்யாணத்துக்கு ஐநூறு பை. எந்தப் பேஸ்புக்கு உனக்கு அப்படிக் கொண்டுபோய் வீட்டுக்குள்ள வைக்கும்? சாத்தூர் சேவுக்காரன் ஒருத்தனைச் சிநேகம் பிடி. அவன் காரம், நீ இனிப்பு. தீவாளிக்கு ஒரே பெட்டியில ரெண்டையும் போட்டு, அவன் ஆளுகளுக்கு உன்னைச் சொல்லுவான், உன் ஆளுகளுக்கு நீ அவனைச் சொல்லு. சங்கத்துக்கும் எட்டிப் பாரு. நம்ம மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு 2020 ஏப்ரல்ல வந்தது அந்த உற்பத்தியாளர் சங்கத்தாலதான். நீ பாட்டுக்கு அந்த முத்திரையை எடுத்துப் போஸ்டர்ல ஒட்டியிருக்க. அதை ஒட்டணும்னா சென்னை கிண்டியில இருக்கிற பதிவகத்துல உரிமையுள்ள பயனாளர்னு உன் பேரு பதிவாகணும். சங்கத்துல கேட்டா வழி சொல்லுவாக. அப்படியே பொட்டலத்துல உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் பதினாலு இலக்கம், எடை, விலை, போட்ட தேதி எல்லாம் இருக்கான்னும் பாத்துக்கோ. உத்யம் பதிவுக்கு எவனாவது ஆயிரம் ரெண்டாயிரம் கேட்டா, அவனுக்கு ஒரு சொம்பு மோரைக் கொடுத்து அனுப்பி வை. அந்தப் பதிவு அரசாங்கத்துல சுத்தமா ஓசி.

ஒண்ணே ஒண்ணு, இதை மட்டும் சிரிக்காமக் கேளு. பட்டாளத்து கேண்டீனுக்கு நூறு கிலோ வேணும்னு இந்தியில ஒருத்தன் பேசுவான். பணம் அனுப்புதேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுன்னுவான். பணம் வாரதுக்கு பின் போடவே வேண்டாம். போகத்தான் போடணும். சந்தையில மடியில கையை விடுறவன் அவன். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. ரெண்டு கிடா விலை போச்சுன்னு மட்டும் வச்சிக்கோ. உங்க அத்தைக்கு இன்னும் தெரியாது.

அந்தா, உன் ஃபோன் அடிக்குது. ஏல, பாட்டைக் கேட்டுக்கிட்டு நிக்காத, எடு. வேளச்சேரி அம்மாவா இருந்தா ஹாய் சொல்லாத, விலையைச் சொல்லு. போகும்போது அந்தத் தட்டுல ஒடைஞ்ச தூள் கிடந்தா இங்கிட்டுத் தள்ளு. முழுத்துண்டு வேண்டாம். எனக்குத்தான் பல்லு இல்லையே.