முடிச்சூர் மிதப்பியல்: பொருள்கோள் நோக்கில் ஓர் ஆய்வு

மொழிமாற்றுப் பொருள்கோளுக்கு உரையாசிரியர்கள் காட்டும் பழைய செய்யுள் ஒன்று உண்டு. அதில் சுரைக்குடுக்கை மூழ்கும், அம்மி மிதக்கும். யானைக்கு நீச்சல் ஆழமாக இருக்கும் சுனையில் முயல் நிற்கும். சொற்களை இடம் மாற்றினால்தான் பொருள் சரிப்படும் என்பது இலக்கண ஆசிரியர்களின் முடிவு. மாற்றவே வேண்டாம், செய்யுள் நின்றபடியே சரி என்பது இக்கட்டுரையின் துணிபு. சான்றுகள் முடிச்சூர் முதல் வேளச்சேரி வரையிலான நிலப்பரப்பில் கிடைத்தவை.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழை தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியது. (செம்பரம்பாக்கம் ஏரியைத் திட்டுவோர் கவனிக்க: அதன் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூருக்கு வந்தது ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் தண்ணீர்.) மிதப்பின் கோட்பாட்டுக்குச் சிரக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடிஸே போதும். ஒரு பொருள் எவ்வளவு எடையுள்ள தண்ணீரை விலக்குகிறதோ, அவ்வளவு விசையோடு தண்ணீர் அதை மேலே தள்ளும். வெள்ளநீரில் சேறும் சாக்கடையும் கலந்திருப்பதால் அடர்த்தி சற்றுக் கூடி, மிதப்பும் இம்மியளவு கூடும். இதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்பது ஆய்வெல்லைக்கு வெளியே.

முதலில் யானை. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலன்று, பள்ளிக்கரணையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போனதை நாடே பார்த்தது. 800 கிலோ கார் 800 லிட்டர் தண்ணீரை விலக்கினால் போதும், சக்கரம் தரையை விட்டுவிடும். கதவு ரப்பர் தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது. அடித்தட்டுக்கு மேல் ஒரு சாண் ஏறினாலே கணக்கு நேராகிவிடும், எஞ்சின் கனத்தில் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு கார் கிளம்பிவிடும். பக்கத்தில் நிற்கும் பைக்குக்கு அந்த வசதி இல்லை. உடம்பெல்லாம் திறப்பு, தண்ணீரை விலக்க அடைத்த வயிறு கிடையாது. சாயலாம், மிதக்காது. யானைக்கு நீச்சல், முயலுக்கு நிலை! 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தியவர்கள்தான் மொழிமாற்றைச் செயலில் செய்து காட்டிய ஒரே உரையாசிரியர்கள்.

அடுத்து சுரை, அதாவது கைக்கு இலேசானவை. பருத்தி மெத்தை சிறிது நேரம் மிதப்பதுபோல் நடித்துவிட்டு, தண்ணீரைக் குடித்து அடியில் படுத்துவிடும். பஞ்சின் இழை தண்ணீரைவிட அடர்த்தியானது. காகிதமும் அப்படியே, பத்திரமாயினும் பள்ளிச் சான்றிதழாயினும். இலவம்பஞ்சு மட்டும் விதிவிலக்கு. அதன் இழைக்குள் காற்று, மேலே மெழுகுப் பூச்சு. ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளில் அதைத்தான் திணித்தார்கள்.

அம்மிதான் சிக்கல். கருங்கல் தண்ணீரைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் அடர்த்தி. எந்த வெள்ளத்திலும் மிதக்காது. ஆகவே அம்மி என்பதைச் 'சமையலறையில் எளிதில் தூக்க முடியாத பொருள்' என்று விரித்துக் கொள்க. உரையாசிரியர்கள் செய்யாத காரியமா? இவ்விலக்கணம் இன்று பொருந்துவது சிலிண்டருக்கு. இரும்பு சுமார் 15 கிலோ, எரிவாயு 14.2 கிலோ, மொத்தம் 30 கிலோவை ஒட்டி வரும். வெளிப்புறக் கன அளவோ ஏறக்குறைய 35 லிட்டர். ஆகவே நிறை சிலிண்டரே மிதக்கும், தோள்பட்டை மட்டும் தெரிய. காலி சிலிண்டர் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு திரியும். எவ்வளவு நீட்டுகிறது என்பதைப் பார்த்தே மிச்ச எரிவாயுவைச் சொல்லிவிடலாம். வீட்டுக்குள் இவ்வளவு துல்லியமான அளவுகோல் வேறில்லை. வெள்ளம் வந்தால்தான் வேலை செய்யும் என்பது ஒன்றே குறை. மற்ற நாட்களில் மாதக் கடைசியில் சிலிண்டரைச் சாய்த்து ஆட்டிப் பார்த்து, "இன்னும் நாலு நாள் வரும்" என்று சொல்லும் பழைய முறையே தொடர்கிறது.